பலாப்பழத்துக்குள் இருந்து சொன்ன பொய்

நம் நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும் மந்திரவாதி வேஷத்தின் மேல்தான் கண் என்று எனக்குத் தெரியும். தொப்பி, தாடி, கைத்தட்டல். யாருக்குத்தான் ஆசை இருக்காது! ஆனால் உங்களில் யார் குள்ளமோ அவர் பலாப்பழத்துக்குள்தான் போகப் போகிறார். அவருக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்ற இரண்டு பேரும் கேட்டால் ஒன்றும் கெட்டுப்போய்விட மாட்டீர்கள்.

நான் இருபத்தாறு வருஷம் உள்ளே உட்கார்ந்தவள். உயரம் நாலடி பத்து அங்குலம். மந்திரவாதி தாமதராசன் வேஷத்துக்கு அங்கி தைத்துக் கொடுக்க வந்த என்னை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள் உள்ளே சரியாக இருப்பீர்கள் என்று உட்கார வைத்துவிட்டார்கள். முட்டி இரண்டும் போன பிறகுதான் வெளியே வந்தேன். இத்தனை வருஷத்தில் உள்ளே இருந்து எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு வாக்கியம், ஒரு சின்னப் பெண் எந்த வீட்டில் வளர்வாள் என்பதையே புரட்டிப் போட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் இடத்தை ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை.

நாடகம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் தெரிந்துகொண்ட விதத்தில் ஒரு தடவை கேளுங்கள். தாமதராசன் காலத்தில் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய மந்திரவாதி. ஒரே குறை, எங்கே போனாலும் அரைமணி நேரம் தாமதம். ராஜாவின் பட்டாபிஷேகத்துக்குப் போனால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். உலகத்தின் முதல் மாம்பழத்தைச் சாப்பிடப் போனால் கொட்டைதான் கிடக்கும். டைனோசரைப் பார்க்கப் போனால் ஒரு ஆமை கழுத்தை நீட்டி, "இப்பதான் சார் போச்சு" என்று சொல்லும். அவர் பண்ருட்டிப் பக்கத்து மந்திரவாதி என்பதால் வாகனம் பலாப்பழம். மூங்கில் சட்டம், சாக்கு, காகிதம், புளியங்கொட்டைப் பசை, மேலே முள்ளுக்கு நூற்றுக்கணக்கில் காகிதக் கூம்பு, கீழே நாலு சக்கரம்.

கடைசிக் காட்சியில் கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையை எதிர்காலத்துக்குக் கூட்டிப் போவார். குழந்தை உள்ளே வரும். சாம்பிராணிப் புகை போடுவார்கள், மணி அடிப்பார்கள், வெளியே இரண்டு பேர் பழத்தை மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். உள்ளே இருக்கிற ஆள் குழந்தையின் காதில் ஒரு உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர், கலெக்டர், பைலட். குழந்தை வெளியே போய் மைக்கில் அதைச் சொல்லும், அரங்கம் அதிரும், தாமதராசன் கும்பிடு போடுவார். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் வேலை என்றாலும், உள்ளே போய் உட்கார்ந்தால் வேறு மாதிரி இருக்கும். கூம்புகளின் சந்துகளில் வெளிச்சம் பொடிப்பொடியாக வரும். புகை அதில் மெல்ல ஏறும். பசை வாசனையும் சாம்பிராணியும் சேர்ந்து ஒரு மயக்கம் தரும். எந்த ஊரில் இருக்கிறோம் என்பது காதால்தான் தெரியும். கடல் காற்று சாக்கை உப்பச் செய்தால் கடலூர் முதுநகர். படகுக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் கேட்டால் பிச்சாவரம் பக்கத்துப் பள்ளிக்கூடம். நாடகம் பாதியில் நிற்கும்படி கோயில் மணி அடித்தால் சிதம்பரம். மூன்று சுற்று முடிந்ததும் கதவு எந்தப் பக்கம் என்று எனக்கே குழம்பிவிடும். பல நாள் நான் நிஜமாகவே எங்கேயோ போய் வந்தது போலத்தான் இருந்திருக்கிறது. இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

ஆரம்பத்தில் குழந்தைகளுக்கு நான் ஒரு குரல்தான். இருட்டில் யார் என்று தெரியாது. அது மாறியது என் வாயால்தான், பேசியதால் அல்ல, தின்றதால். பிச்சாவரம் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாண்டு உள்ளே வந்தது. நான் பசி தாங்காமல் கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் விழுங்கிவிட்டு, பைலட் என்று காதில் சொன்னேன். வாண்டு நேராக மைக்குக்குப் போய், "உள்ள ஒரு அம்மா உக்காந்து முட்டாய் துன்னுறாங்க" என்று போட்டு உடைத்தது. குட்டு வெளிப்பட்டது, நாடகம் போச்சு என்று நினைத்தேன்.

நம் மந்திரவாதி அசரவில்லை. அவர் பகலில் சிதம்பரத்தில் பத்திரம் எழுதுகிறவர், எதற்கும் ஒரு வாசகம் கைவசம் வைத்திருப்பார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, ஆமாம், அவர்தான் காலத்துக்குக் காவல் இருக்கிற அம்மா, உலகம் தோன்றின நாளிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பசிக்காதா என்றார். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து நாடகத்தில் எனக்கும் ஒரு பாத்திரம் வந்தது. குழந்தை உண்மையைச் சொல்லும்போது சண்டைக்குப் போகாதீர்கள், அதையும் கதைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். நல்ல பாடம்தான். ஆனால் அதில் ஒரு வம்பும் இருந்தது. காலத்துக்குக் காவல் இருக்கிற அம்மா என்றால் எல்லாம் தெரிந்தவள் என்று அர்த்தம். அதன் பிறகு உள்ளே வந்த குழந்தைகள் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

பெரும்பாலும் சுலபமான கேள்விகள். கணக்கில் பாஸ் ஆவேனா, எங்கள் நாய் திரும்பி வருமா, நான் உயரமாவேனா. நானும் ஆவாய், வரும், ஆவாய் என்று அள்ளி விட்டுக்கொண்டிருந்தேன். நாய் வருமா வராதா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டதற்கு நல்லதாக ஒன்று சொல்வது புண்ணியம் என்று நினைப்பு. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது.

கடலூரில் செம்மண்டலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பரீட்சை எல்லாம் முடிந்து, கடைசி வேலை நாளில் ஆண்டு விழா வைத்திருந்தார்கள். நல்ல வெயில் தாழ்ந்த சாயங்காலம். ஒன்பது வயசு இருக்கும், தர்ஷினி என்று ஒரு பெண், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள். தாமதராசன் அவளையே கூப்பிட்டார். உள்ளே வந்தாள், புகை வந்தது, மணி அடித்தது, மூன்று சுற்றும் முடிந்தது. நான் வழக்கம்போல், கண்ணு, நீ டாக்டரா இருக்கே, மைக்கில் சொல்லு என்று ஆரம்பித்தேன்.

"டாக்டர்லாம் வேணாம். நான் எந்த வீட்ல இருக்கேன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். விழா முடிந்ததும் பெரியம்மா சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். அம்மாவும் அப்பாவும் லீவுக்குத்தான் என்று சொல்கிறார்களாம். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லையாம். இவர்கள் வீட்டில் மூன்று பெண்களாம், இவள் நடுவில்.

"பையில என் டி.சி. வச்சிருக்காங்க. லீவுக்குப் போறதுக்கு எதுக்கு டி.சி.?"

ஒன்பது வயசுப் பிள்ளை ஒரு காகிதத்தை வைத்து முழுக் கதையையும் கண்டுபிடித்திருந்தது. பெரியவர்கள் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள், இவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே தாமதராசன் நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். எதிர்காலத்தில் ஒரே டிராபிக் ஜாம், மஞ்சக்குப்பம் சிக்னலிலேயே நிற்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். இரண்டாவது தடவை அதையே சொன்னபோது சிரிப்பு குறைந்தது. சந்து வழியாகப் பார்த்தேன், சிறப்பு விருந்தினர் வாட்சைப் பார்க்கிறார். நான் கதவுக் கயிற்றை இழுக்கப் போனேன். அந்தப் பெண் கயிற்றையும் மூங்கிலையும் சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சொன்னால்தான் விடுவேன் என்று நின்றாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அவள் மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் வாய் திறந்தது இரக்கத்தால் அல்ல. கதவு திறக்க வேண்டும், நாடகம் முடிய வேண்டும். அதற்காகச் சொன்னேன்.

"உங்க வீட்லதான் இருக்கே. நான் பாத்தேன்."

கயிற்றை விட்டாள். இருட்டிலும் அவள் முகம் மாறியது தெரிந்தது. வெளியே ஓடி மைக்கைப் பிடித்து, எதிர்காலத்தில் நான் எங்கள் வீட்டிலேயே இருக்கிறேன், பெரியம்மா வீட்டில் இல்லை, உள்ளே இருக்கிற அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்கள் என்று கணீரென்று சொன்னாள். ஊருக்கு என்ன தெரியும்? குழந்தை வேடிக்கையாகப் பேசுகிறது என்று விசிலடித்துக் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் அதே முகவெட்டோடு, கொஞ்சம் வயசு கூடின இன்னொரு பெண், மடியில் ஒரு துணிப்பை, கைதட்டினார். எல்லோரும் நிறுத்தின பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். கால் மரத்துப்போய் நான் உள்ளேயே கிடந்தேன். கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெரியம்மா குனிந்து எட்டிப் பார்த்தார். நீங்கள்தானா அது என்று கேட்டார். தலையை ஆட்டினேன். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்றார். ஒன்றும் பார்க்கவில்லை அம்மா, பிள்ளை கதவை விடமாட்டேன் என்றது, அதனால் சொல்லிவிட்டேன் என்றேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானா போய்க் கேக்கல. மூணு பொண்ணு இருக்கு, ஒண்ண நீ வச்சிக்கன்னு என் தங்கச்சிதான் சொன்னா. ரெண்டு வருஷமா பேசி, ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சி, ஸ்கூல்ல சீட்டு வாங்கி வச்சிருக்கேன். நீங்க ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க" என்றார். பிறகு, "இப்ப அவ நம்பிட்டா. நான் இழுத்துட்டுப் போனா ஜென்மத்துக்கும் என்ன அம்மான்னு நெனைக்க மாட்டா" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுது என்ன பிரயோஜனம்? நம் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருக்கிற ஆள், பிள்ளைகள் போகும்வரை வெளியே தலை காட்டக்கூடாது. நானும் அதுவரை காட்டியதில்லை. அன்றைக்கு மரத்த காலை உதறிக்கொண்டு, பசை ஒட்டின புடவையோடு, அந்த அம்மாவின் பின்னாலேயே நடந்தேன். மந்திரவாதி பாதித் தாடியோடு ஓடிவந்து, அக்கா, எங்கே போகிறீர்கள் என்று தடுத்தார். நகருப்பா என்றேன். என் குரலைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

கேட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் பைக் மேல் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். அவர் டூவீலர் மெக்கானிக், கையில் கறை போகாத மனிதர், வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கண் வீங்கியிருந்தது. நான் போய்ப் பிள்ளையின் முன்னால் நின்று, உள்ளே இருந்தது நான்தான், எனக்கு எதிர்காலம் எல்லாம் தெரியாது, அங்கே காகிதமும் பசையும்தான் இருக்கிறது, உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன், தப்பு என்று சொன்னேன். ஒரு குழந்தையிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்பதை நீங்கள் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள் போல. அழவில்லை.

"அப்ப யாருக்குத் தெரியும்?" என்றாள்.

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அக்காவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். கடைசியில் பெரியம்மாதான் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, பைக்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்லு பாப்பா. எங்கூட வரியா?"

தர்ஷினி உடனே பதில் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் நான் அந்தப் பெண்ணின் பெருமையாகச் சொல்வேன். பெரியம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு வரவில்லை என்று தலையாட்டினாள். லீவுக்கு வேண்டுமானால் பத்து நாள் வருகிறேன், இன்றைக்கு இல்லை, நான் சொல்லும்போது என்றாள்.

பெரியம்மா சரி என்றார். பையைத் திறந்து டி.சி.யை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். பையையும் அப்படியே கொடுத்துவிட்டார். தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் போனாள். அக்கா பிடி கொடுக்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எங்களுக்குச் சிதம்பரத்தில் நாடகம். வேன் அங்கேதான் போகிறது, வாருங்கள் என்றேன். வர மாட்டார் என்று நினைத்தேன், வந்துவிட்டார். முன்னால் இடம் இல்லை. பின்னால் சாமான் நெருக்கம். உட்காரும்படி இருந்த ஒரே இடம் பலாப்பழத்தின் உள்ளேதான். அவராகவே கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே, டிரங்குப் பெட்டி மேல்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது? வெளிச்சம் போயும் போகாமலும் இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் உப்புக் காற்று வேனுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வளைவுகளில் பழம் தன் சக்கரத்தில் கொஞ்சம் உருண்டு, கொஞ்சம் திரும்பி, மறுபடி என் முட்டியில் வந்து சாய்ந்தது. இத்தனை வருஷத்தில் உள்ளே ஆள் இருக்க, வெளியே நான் இருந்தது அன்றைக்குத்தான். கூம்புச் சந்துகளுக்குள் ஒன்றும் தெரியவில்லை. மந்திரவாதி முன்னால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். வெள்ளாற்றுப் பாலத்தில் வேன் ஏறும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது, என்னிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியாது.

"கேட்டா வரலன்னு சொல்லிடுவாளோன்னு பயம். அதான் கேக்கல."

நான் எனக்கும் அதே கதைதான் என்று சொல்ல நினைத்தேன். தெரியாது என்று சொன்னால் பிள்ளை கயிற்றை விடாதோ என்று எனக்குப் பயம். ஆனால் அந்த நேரத்தில் என் கதை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். உள்ளே உட்காரப் போகிறவரே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். டாக்டர், கலெக்டர் எல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள், அது விளையாட்டு என்று பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒரு குழந்தை நிஜமாக ஒன்றைக் கேட்டால், நாடகம் நின்றாலும் சரி, சிறப்பு விருந்தினர் எழுந்து போனாலும் சரி, தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, தெரிய வேண்டியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் செய்தது கடைசியில் நல்லதாகத்தானே முடிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். தர்ஷினி அந்தக் கோடையில் பத்து நாள் போனாளாம், அடுத்த வருஷம் போகவில்லையாம். யாருக்கு நல்லதாக முடிந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பெரியம்மா வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், அப்படிச் சொல்கிறவர்கள் போனதில்லை.

அன்றைக்குச் சிதம்பரத்தில் பெரியம்மாவின் தெருமுனையில் வேன் நின்றபோது எட்டு மணி கூட ஆகவில்லை. வாசலில் விளக்கைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். வேனைப் பார்த்ததும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். மனைவி பலாப்பழத்திலிருந்து இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு அவரைத் தாண்டி, பழத்துக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"புள்ள தூங்கிடுச்சா?"

"வரல. எங்கூட வரியான்னு கேட்டேன். வரலன்னா."

"நீயே கேட்டியா?"

"கேட்டேன்."

அவர் பழத்தின் கதவை மெல்லச் சாத்தினார். அப்ப சரி என்றார். எங்கள் பக்கம் திரும்பி, சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடிவாதமாக உள்ளே கூட்டிப் போனார். நானும் மந்திரவாதியும் டிரைவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு அறை திறந்திருந்தது, புதுப் பெயிண்ட் வாசனை வந்தது. வீட்டுக்காரரே இடியாப்பம் வைத்தார். குருமாவை ஊற்றும்போது, குழந்தைக்காகக் காரம் போடாமல் செய்தேன், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். நான் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.